கதவை யார் தட்டுவது

— வண்டியை இங்க நிறுத்தாதய்யா. ஜன்னல்ல இருந்து பார்த்தா நேரா நம்ம மூஞ்சிதான் தெரியும்.

— எங்க நிறுத்தினாலும் தெரியும் சார். வெள்ளை வண்டி, பக்கவாட்டுல கொட்டை எழுத்துல மனநல மருத்துவமனைன்னு பேரு. இதுல வந்து இறங்கினா பொண்ணு பார்க்க வந்திருக்கோம்னா நினைப்பாங்க?

— அந்தப் பேரை ஒரு துணி போட்டாவது மூடியிருக்கலாம் அண்ணே.

— மூடினா இன்னும் நல்லா வேடிக்கை பார்ப்பாங்க தங்கச்சி. மாடியில துணி காயப் போடறாங்களே, அந்த வீட்டுக்கார அம்மா இப்பவே பார்த்தாச்சு. சரி, மரத்தடியில தள்ளிப் போடறேன். அந்தப் பச்சைக் கதவு தெரியுதா சார்? அதுதான் நம்ம பைண்டர் வீடு. கீழ் வீடு.

— ஆம்புலன்ஸ் எங்க?

— தெருமுனையில, மருந்துக்கடை பக்கத்துல. ரெண்டு அட்டெண்டர் உள்ள உக்காந்திருக்காங்க. ஒரு போன் அடிச்சா வந்துடும்.

— ஆம்புலன்ஸ் எதுக்கு சார்? பேசிப் பார்க்கத்தானே வந்தோம்?

— நான்தான் வரச் சொன்னேன்மா. நீ பேசு. உன்னை யாரு வேண்டாம்னா? உன் பேச்சு எடுபடலைன்னா அப்புறம் நான் இந்தத் தெருவுல நின்னு கையைப் பிசைஞ்சுட்டு இருக்க முடியாது.

— அவர் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா சார்? இன்னொரு தடவை ஆளை வெச்சுத் தூக்கிட்டுப் போனா, அதுக்கப்புறம் உங்க யார் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்னார். மிரட்டலா சொல்லல. பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னார்.

— அதோட வேலையும் போயிடும் சார். அச்சாபீஸ் முதலாளிகிட்ட நான் கால்ல விழாத குறையாக் கேட்டு வாங்கிக் குடுத்த வேலை. இன்னொரு தரம் ஆஸ்பத்திரியில படுத்தாருன்னா இந்தப் பக்கம் வர வேண்டாம்னு முன்னாடியே சொல்லிட்டாரு. பைண்டிங் கத்துக் குடுத்தாங்களே நம்ம தொழிற்பயிற்சி அம்மா, அவங்க அழுதே விடுவாங்க. வந்த புதுசுல பசையைத் தொடக் கூட மாட்டேன்னவரு, இப்ப அங்க அவர் தைக்கற புத்தகத்தைத்தான் முதல்ல கேட்டு வாங்கறாங்களாம்.

— வேலை, நம்பிக்கை எல்லாம் சரி. விஷயத்துக்கு வாய்யா. என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு. நேத்து நீ போன்ல சொன்னது பாதி எனக்குக் காதுலயே விழல, வார்டுல ஒரே சத்தம்.

— நான் சொல்றேன் கேளுங்க. முதல்ல போன் பண்ணினது முதலாளி. இந்த வாரம் முழுக்க ஆளைக் காணோம்னு. லீவு சொல்லியிருக்காரு, ஆனா காரணம் சொல்லல. வீட்டுல கொஞ்சம் வேலைன்னு மட்டும் சொன்னாராம்.

— அந்த ஆளுக்கு வீட்டுல என்ன வேலை?

— அதேதான் சார் நானும் கேட்டேன். அடுத்தது மாடி வீட்டுக்கார அம்மா. வீட்டுல இருந்த கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாத்தையும் பழைய துணியில சுத்தி, அவங்க கையில குடுத்துட்டுப் போயிருக்காரு. பத்திரமா வெச்சிருங்க, எங்க வீட்டுல யார் கேட்டாலும் உடனே குடுக்காதீங்க, ஏன்னு கேட்டுட்டுக் குடுங்கன்னாராம்.

— அப்படிப் போடு.

— இருங்க சார், இன்னும் முடியல. குளியலறைக் கதவுல உள் தாழ்ப்பாளைக் கழட்டிட்டாராம். ஸ்க்ரூ ட்ரைவர் கடன் வாங்கினதே அந்த அம்மாகிட்டத்தான். ராத்திரி பூரா உள் ரூம் வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்காராம். அந்த ரூம்லதான் அக்கா படுக்கறது. அக்காவை வெளியவே பார்க்க முடியலையாம்.

— கேட்டியாம்மா? கத்தி, தாழ்ப்பாள், வாசல்ல காவல். தன் மேலயே தனக்குப் பயம், அதனால கத்தியை வெளிய குடுத்தாச்சு. அக்கா மேல சந்தேகம், அதனால தாழ்ப்பாள் போச்சு. உள்ள போய் அவங்க என்ன பண்றாங்கன்னு அவனுக்குப் பார்க்கணும். படிச்ச பாடம் மாதிரி இருக்கு.

— இதை இப்படியும் பார்க்கலாம் சார். தன் மேல பயம் வந்தவுடனே கத்தியை எடுத்து வெளிய குடுக்கற ஆளு நல்லா யோசிக்கிற ஆளு. முன்னாடி எல்லாம் அவருக்கு உடம்பு சரியில்லைன்னு அவருக்கே தெரியாது. இப்ப தெரிஞ்சிருக்கு.

— தெரிஞ்சா நேரா ஆஸ்பத்திரிக்குத்தானே வரணும்? எதுக்கு அக்கா ரூம் வாசல்ல நாற்காலி?

— அது எனக்கும் புரியல.

— புரியலைன்னு சொன்னியே, அது நல்லது. நான் மாத்திரையைக் குறைக்க வேண்டாம்னேன். நீதான், மந்தமா இருக்கார், வேலையில கை நடுங்குதுன்னு வக்காலத்து வாங்கினே.

— கை நடுங்கினது உண்மை சார். ஊசியில நூல் கோர்க்க முடியலைன்னு அழுதார்.

— சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். நான் சொல்றேன் கேளுங்க, முக்கியமானதே இனிமேதான். நேத்து அக்காவே போன் பண்ணினாங்க.

— அதை முதல்லயே சொல்லக் கூடாதாய்யா? என்ன சொன்னாங்க?

— ஒண்ணுமே சொல்லல சார். அதுதான் பயமா இருக்கு. தயவு பண்ணி யாராவது வாங்கன்னாங்க. நான் கேட்டேன், தம்பி மாத்திரை போடறாரான்னு. போடறான்னாங்க. தூங்கறாரா? சரியாத் தூங்கலைன்னாங்க. குரல் கேக்குதுங்கறாரா? இல்ல. சாப்பிடறாரா? அவனே சமைக்கிறான்னாங்க. உங்களை அடிச்சாரா? இல்ல, அவன் நல்லா இருக்கான்னாங்க. அப்புறம் எதுக்கும்மா வரச் சொல்றீங்கன்னு கேட்டேன். ஒரே அழுகை. அழுதுட்டே இருந்தாங்க, பின்னாடி அவர் குரல் கேட்டுச்சு, சொல்லு அக்கா சொல்லுன்னு. போன் கட்டாயிடுச்சு.

— பக்கத்துல நின்னு மிரட்டிட்டு இருந்திருக்கான்.

— அப்படித்தான் எனக்கும் பட்டுச்சு சார். கேட்டதுக்கெல்லாம் நல்லா இருக்கான், நல்லா இருக்கான்னு கிளிப்பிள்ளை மாதிரி சொன்னா, வேற என்ன நினைக்கிறது?

— உண்மையிலேயே நல்லா இருந்தாலும் அப்படித்தானே அண்ணே சொல்லுவாங்க?

— நல்லா இருந்தா எதுக்கு தங்கச்சி அழணும்?

— அந்த அக்கா எப்படிப்பட்டவங்க? சும்மாவே அழற ஆளா? பேர் என்ன அவங்களுக்கு?

— பேரா சார்? என் போன்ல பைண்டர் அக்கான்னுதான் இருக்கு. அழ மாட்டாங்க. எத்தனை வருஷமா வர்றாங்க, கண்ணுல தண்ணி பார்த்ததில்ல. நாம எதைச் சொன்னாலும் சரிங்க, சரிங்கன்னு கேட்டுட்டுப் போவாங்க. உங்களுக்கு மாத்திரை டாக்டர்னு பேர் வெச்சிருக்காங்க, தங்கச்சி பேச்சு டாக்டர், நான் வீட்டு டாக்டர்.

— உன்னையும் டாக்டராக்கிட்டாங்களா?

— விடுங்க சார், வீட்டுல என் பொண்டாட்டி கூட அந்த மரியாதை குடுக்கறதில்ல.

— அவங்க ஒரு நாள் என் ரூமுக்கு வந்து உக்காந்தாங்க சார். தம்பியைப் பத்திப் பேசணுமான்னு கேட்டேன். இல்ல மேடம், ஃபேன் காத்து நல்லா வருது, அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன்னாங்க. அடுத்த ஆளு காத்திட்டு இருந்தார். எழுந்து போயிட்டாங்க.

— சரி, நேரம் ஆகுது. நம்ம வழக்கம் என்ன? சமூகப் பணியாளர் தட்டணும், சைக்காலஜிஸ்ட் உக்காந்து பேசணும், கடைசியா நான். தட்டுய்யா போய்.

— நான் தட்டினாத் திறக்க மாட்டாரு சார். போன தடவை சும்மா பேசத்தான் வந்தேன்னு சொல்லிக் கதவைத் திறக்க வெச்சேன். என் முதுகுக்குப் பின்னாடியே நாலு பேர் உள்ள நுழைஞ்சாங்க. என் குரல் கேட்டா ஜன்னலையும் சாத்திக்குவாரு.

— அப்ப நீ போம்மா.

— போறேன் சார். ஆனா போன தடவை அவர் எனக்கு மட்டும்னு சொன்ன விஷயத்தை நான் உங்ககிட்ட சொன்னேன். உயிருக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும், சொன்னதுல தப்பில்ல. ஆனா அதுக்கப்புறம் ஒரு மாசம் என் எதிர்ல உக்காந்து சுவரைப் பார்த்துட்டு எழுந்து போயிட்டிருந்தார். இப்பத்தான் மறுபடி பேச ஆரம்பிச்சிருக்கார். இப்ப ஆம்புலன்ஸைப் பின்னாடி நிறுத்திட்டு நான் தட்டினா, அதோட சரி.

— அப்ப நான் போகட்டுமா?

— நீங்க போனா ஊசின்னு நினைப்பாரு சார்.

— நினைப்பென்னய்யா, பையில ஊசி இருக்கே. சிஸ்டர் ரெண்டாக் கட்டிக் குடுத்திருக்காங்க.

— மூணு பேர் வந்தும் கதவைத் தட்ட ஒரு ஆளு இல்ல. எனக்கு வெக்கமா இருக்கு.

— வெக்கப்பட்டு என்னம்மா ஆகப் போகுது? நான் இருவது வருஷமா இந்த வேலையில இருக்கேன். போய்ப் பார்க்காம விட்டுட்டு வந்தா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. போய்த் தூக்கிட்டு வந்தா, அந்த ஆளு திட்டுவான், நான் நல்லாத் தூங்குவேன். என்னை யாரும் விரும்ப வேண்டாம். உயிரோட இருந்தாப் போதும்.

— உயிரோட இருந்து அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசலைன்னா?

— அதுக்குத்தான் நீ இருக்கியே.

— எனக்குப் பயமா இருக்கு சார். அவரைப் பார்த்து இல்ல. நாம தப்பு பண்ணப் போறோம்னு.

— நான் ஒரு கணக்கு சொல்றேன் கேளுங்க. தங்கச்சி தட்டட்டும். நான் சைடுல நிக்கறேன். சார் வண்டியில இருங்க. பேச்சு வந்துச்சுன்னா சரி. கதவு திறக்கலைன்னாலோ, அக்கா சத்தம் கேட்டாலோ, நான் கையைத் தூக்கறேன். நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

— இது நல்ல யோசனை. போம்மா. செருப்பை வெளிய விடாதே, ஓடி வர்ற மாதிரி இருந்தாத் தேடிட்டு நிக்காதே.

— ஓட மாட்டேன் சார்.

— தங்கச்சி, வண்டிக் கதவைத் திறக்காதே. அங்க பாரு.

— என்ன அண்ணே?

— பச்சைக் கதவு திறக்குது.

— அந்த ஆளேதானா? கையில என்ன இருக்கு பாருய்யா.

— கையில ஒண்ணும் இல்ல சார். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, தலை வாரியிருக்காரு. நேரா நம்ம வண்டியைப் பார்த்துதான் வர்றாரு. ஐயோ, இப்ப நான் சிரிக்கணுமா, சீரியஸா இருக்கணுமா?

— கண்ணாடியை இறக்குங்க அண்ணே. சாதாரணமா இருங்க.

— வணக்கம் டாக்டர். வணக்கம் மேடம். சார், ரொம்ப நேரமா வண்டியிலேயே உக்காந்திருக்கீங்களே, உள்ள வரலாமே.

— இல்ல, சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தோம். அப்படியே உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு.

— மூணு பேருமா சார்?

— ஒரே வண்டி, பெட்ரோல் மிச்சம்.

— தெருமுனையில ஆம்புலன்ஸும் நிக்குதே. எங்க ஜன்னல்ல இருந்து ரெண்டும் தெரியுது. மன்னிக்கணும், பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது.

— நிம்மதியாவா? கேட்டியாம்மா?

— கேக்கறேன் சார். நீங்க அப்படிச் சொல்றது பெரிய விஷயம். இந்த வாரம் ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்.

— ஆமா மேடம். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. கண்ணை மூடினா ஏதாவது ஆயிடுமோன்னு பயம். நான் சொல்ல வந்தது என்னன்னா—

— அவசரமே இல்ல. உங்களுக்குச் சொல்லத் தோணினப்போ சொல்லலாம். எல்லாத்தையும் தெருவுல நின்னு சொல்லணும்னு இல்ல.

— மாத்திரை போட்டீங்களா?

— போட்டேன் டாக்டர். காலையிலயும் போட்டேன், ராத்திரியும் போடறேன். ராத்திரி மாத்திரையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டேன், அசந்துடக் கூடாதுன்னு. அது தப்புதான். ஆனா வேற வழியில்ல, ஏன்னா—

— தூங்கிடுவோம்னு பயந்து மாத்திரையைத் தள்ளிப் போடறது. இதைத்தான் நான் சொன்னேன்.

— கத்தியெல்லாம் மாடி அம்மாகிட்ட குடுத்தீங்களாமே?

— குடுத்தேன் சார். வீட்டுல இருக்க வேண்டாம்னு பட்டுச்சு. தாழ்ப்பாளையும் கழட்டினேன். போன தடவை நீங்கதான் எங்களுக்கு அதெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. கூரா எதுவும் கைக்கு எட்டக் கூடாது, உள்ள தாழ்ப்பாள் போட முடியக் கூடாது, தனியா விடக் கூடாதுன்னு. எல்லாத்தையும் அப்படியே செஞ்சேன். சமையலுக்குக் காய் நறுக்க முடியல, கையால பிச்சுதான் போடறேன்.

— ரொம்ப நல்ல காரியம். இதை நீங்களா யோசிச்சு செஞ்சீங்க பாருங்க, அதைத்தான் நான் பாராட்டறேன்.

— மன்னிக்கணும் மேடம், பாராட்டற அளவுக்கு இல்ல. நேத்து போன் போட்டுக் குடுத்ததும் நான்தான். நானே பேசியிருக்கலாம். ஆனா அவங்கவங்க கஷ்டத்தை அவங்கவங்க வாயால சொன்னாத்தான் பாதி குறையும்னு நீங்க சொல்லுவீங்களே. சொல்லு அக்கா, சொல்லுன்னு பக்கத்துலயே நின்னேன். முடியல.

— புரியுது. சொல்றதுக்குத் துணிச்சல் வேணும். அன்னிக்கு வரலைன்னா பரவாயில்ல. இன்னிக்கு நீங்களே வெளிய நடந்து வந்தீங்க, பாருங்க.

— மேடம், நீங்க ஒரு நிமிஷம் நான் சொல்றதை—

— இங்க பாருங்க. நான் சுத்தி வளைக்க விரும்பல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில இருந்தா எல்லாம் சரியாயிடும். யாரும் உங்களைத் தூக்கிட்டுப் போகப் போறதில்ல. நீங்களா வந்தா மரியாதையா வரலாம். என்ன சொல்றீங்க?

— வர்றேன் டாக்டர்.

— வர்றீங்களா?

— நான் அதைத்தான் கேக்க வந்தேன். இன்னிக்கே போகலாமா? இப்பவே?

— தாராளமா. யோவ், ஆம்புலன்ஸைக் கிட்ட வரச் சொல்லு. பார்த்தியாம்மா, நீ என்னவோ பயந்தே.

— சந்தோஷமா இருக்கு சார். நிஜமாவே.

— பைண்டர் சார், முதலாளியைப் பத்திக் கவலைப்படாதீங்க. நான் போய்ப் பேசிக்கறேன். வேலை எங்கயும் போகாது.

— வேலை போனாப் போகட்டும் சார். இப்ப அது பெருசாத் தெரியல. ஒரே ஒரு விஷயம். அட்டெண்டருங்க வீட்டுக்குள்ள வர வேண்டாம். அவங்க தொப்பியும் நடையும் பார்த்தா பயம் வந்துடும். கையைப் பிடிச்சு நானே கூட்டிட்டு வந்துடறேன். சாயங்காலம்னா அழுகை ஜாஸ்தியாயிடும், இப்ப கொஞ்சம் அமைதியா இருக்கற நேரம்.

— அக்காவைச் சொல்றீங்களா? உங்களைப் பிரியணுமேன்னு அழறாங்களா? பாவம். நான் உள்ள போய் அவங்களுக்குத் தைரியம் சொல்றேன்.

— ஆம்புலன்ஸ்ல ரெண்டு பேர் உக்கார இடம் இருக்குமா டாக்டர்?

— இருக்கும், இருக்கும். அக்கா கூட வர்றதுன்னா வரட்டுமே. வார்டுல கூட ஒருத்தர் இருந்தா உங்களுக்கும் நல்லதுதான்.

— இல்ல டாக்டர். ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியது அக்காவை. கூட வர்றவன்தான் நான்.